பழைய பிரீ ஆம்ப், புதிய பவர் ஆம்ப்: இரைச்சலுக்கு எர்த் கம்பியை வெட்டாதீர்கள்

ஆலயத் திருவிழாவுக்கு முதல் நாள் மாலை. பந்தல் போட்டாகிவிட்டது. புதிதாக வாங்கிய பவர் ஆம்ப் இரண்டும் மேசைமேல் ஏறிவிட்டன. பல வருடங்களாக அலுவலக அறையில் இருக்கும் பழைய பிரீ ஆம்ப்பிலிருந்து வயர் இழுத்துச் சொருகி, சுவிட்சைத் தட்டியதும் பாட்டுக்கு முன்னால் வருவது ‘உர்ர்ர்’ என்ற இரைச்சல். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. வயரை ஆட்டிப் பார்க்கிறார்கள், மாற்றிச் சொருகிப் பார்க்கிறார்கள். கடைசியில் யாரோ ஒருவர் பவர் ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறார். இரைச்சல் போய்விடுகிறது. எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நேரத்திலிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது. எந்த ஊரிலும் நடக்கக்கூடிய இந்தக் காட்சியில் உண்மையில் பழுதானது எதுவுமில்லை. பிரீ ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, பவர் ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே போட்ட வயர்தான் தவறு. ஒரு மீட்டர் வயரும் அரை மணி நேர வேலையும் தீர்த்துவைக்கக்கூடிய ஒரு விஷயத்துக்காக, உயிரைக் காக்கும் கம்பியை வெட்டிவிடுகிறார்கள்.

பாகான் செராய் வட்டாரத்தில் இந்தப் பிரச்சினை தலைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. கிரியான் மாவட்டத்தில் தமிழர்களின் வரலாறு ரப்பருக்கும் முந்தியது. கரும்புத் தோட்டக் காலத்திலேயே தொடங்கியது. கூலா, செர்சோனிஸ் போன்ற தோட்டப் பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் சாமி படத்தோடு பாட்டுப் பெட்டியையும் தூக்கி வந்தார்கள். சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன் பாடிய பக்திப் பாடல் இசைத்தட்டுகள் இன்னும் சில வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைப் போட்டுக் கேட்க அந்தப் பழைய பிரீ ஆம்ப் வேண்டும். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வருவது சில மில்லி வோல்ட் மட்டுமே. அதைப் பெரிதாக்கி, 1954-இல் அமெரிக்காவின் ஒலிப்பதிவுத் துறை வகுத்த அளவுப்படி தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் சரிசெய்து தரும் சுற்று அதற்குள்தான் இருக்கிறது. இன்று கடையில் வாங்கும் பவர் ஆம்ப் எதிலும் அது கிடையாது. ஆகவே ‘பழசைத் தூக்கிப் போடு’ என்று சொல்வது சுலபம். போட்டுவிட்டால் இசைத்தட்டும் ஊமையாகிவிடும்.

இரண்டு கம்பியும் மூன்று கம்பியும்

பழைய பிரீ ஆம்ப்பின் பின்புறத்தில் இருப்பது ஆர்சிஏ எனப்படும் சிறிய வட்டத் துளை. அமெரிக்காவின் ஆர்சிஏ வானொலி நிறுவனம் தன் பெட்டிகளுக்காகக் கொண்டுவந்தது அது. பெயரும் அங்கிருந்தே வந்தது. நடுவில் ஒரு முள், சுற்றி ஒரு வளையம், ஆக இரண்டே தொடர்புகள். நடு முள்ளில் பாட்டு போகிறது. வளையத்தின் வழியே அது திரும்பி வருகிறது. வெளி இரைச்சலைத் தடுக்கும் கவச வலையும் அதே வளையம்தான்.

தொழில்முறை பவர் ஆம்ப்பில் இருப்பது எக்ஸ்எல்ஆர் எனப்படும் மூன்று முள் துளை. முதல் முள் கவசத்துக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் பாட்டுக்கு.

கிரியான் வயல்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் ஒன்று; வயலிலிருந்து கழிவு நீரை வெளியேற்றும் வடிகால் வேறொன்று. 1906-இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் தண்ணீர் ஒரு வழியில் வந்து மறு வழியில் போகிறது. இரண்டையும் ஒரே வாய்க்காலாக்கினால் என்ன ஆகும்? அழுக்குத் தண்ணீர் பயிருக்கே திரும்பும். ஆர்சிஏ வயரில் நடப்பது அதுதான். கவசத்தில் ஓடும் அழுக்கு மின்சாரமும் பாட்டின் திரும்பு பாதையும் ஒன்றே என்பதால் அழுக்கு பாட்டோடு கலந்துவிடுகிறது.

அழுக்கு எங்கிருந்து வருகிறது? பிரீ ஆம்ப் ஒரு சாக்கெட்டிலும் பவர் ஆம்ப் வேறொரு சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவில் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு எப்போதும் உண்டு. இரண்டையும் ஆடியோ வயர் இணைத்ததும் எர்த், கவசம், மறுபடி எர்த் என்று ஒரு வளையம் உண்டாகிறது. அதில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்றத் தொடங்குகிறது. நாம் கேட்கும் ‘உர்ர்ர்’ அதுவே. பிரீ ஆம்ப்புக்கு எர்த் முள்ளே இல்லையென்றாலும் தப்ப முடியாது. அதனோடு இணைத்த மடிக்கணினியின் சார்ஜர் வழியாகவோ, அஸ்ட்ரோ டிகோடருக்கு வரும் டிஷ் வயர் வழியாகவோ எர்த் உள்ளே வந்துவிடும். இரைச்சல் வந்தால் முதலில் மடிக்கணினி சார்ஜரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பல நேரம் அதிலேயே கதை முடிந்துவிடும்.

மூன்று முள் கொண்ட பவர் ஆம்ப் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாளுகிறது. அது இரண்டாவது முள்ளில் வருவதிலிருந்து மூன்றாவது முள்ளில் வருவதைக் கழித்து, மீதியை மட்டும் பெரிதாக்குகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் கழிக்கும்போது அது இல்லாமல் போய்விடும். கண்டுபிடிப்பு புதிதல்ல. தொலைபேசிக் கம்பிகளில் பக்கத்துக் கம்பியின் பேச்சு கேட்காதிருக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே இரண்டு கம்பிகளை முறுக்கி அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. இரண்டு கம்பியிலும் பாட்டு நேர் எதிராகப் போனால்தான் இந்தக் கழித்தல் வேலை செய்யும், பழைய பிரீ ஆம்ப்பிலோ ஒரு கம்பியில்தான் பாட்டு வருகிறது, ஆகவே பயனில்லை என்று சொல்வார்கள். அது சரியல்ல. ஒரு கம்பியில் பாட்டும் மற்றதில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தாலும் கழித்தால் பாட்டு முழுதாகக் கிடைக்கும். இரைச்சல் ஒழிய வேண்டுமானால் அது இரண்டு கம்பியிலும் சமமாக ஏற வேண்டும். அதற்கு இரண்டு கம்பியின் மின்தடையும் சமமாக இருப்பதே முக்கியம். பாட்டு சமமாக இருக்க வேண்டியதில்லை. பில் விட்லாக் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர் 1995-இல் இதை விரிவாக எழுதி விளக்கினார். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் சேர்க்கும் வழி தானாகத் தெரியும்.

வயர் செய்யும் முறை

கடையில் கிடைக்கும் ஆர்சிஏ-எக்ஸ்எல்ஆர் ‘அடாப்டர்’ பலவற்றில் முதல் முள்ளையும் மூன்றாவது முள்ளையும் உள்ளேயே ஒட்டிவிட்டிருப்பார்கள். சொருகினால் பாட்டு வரும். ஆனால் வாய்க்காலும் வடிகாலும் மறுபடி ஒன்றாகிவிட்டன. பவர் ஆம்ப்பின் மூன்று முள் துளைக்குக் கொடுத்த காசு வீண். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் முதல் முள்ளிலும் மூன்றாவது முள்ளிலும் வைத்துப் பாருங்கள். ‘பீப்’ என்று கத்தினால் அந்த அடாப்டர் இந்த வேலைக்கு ஆகாது.

சரியான வயரை வீட்டிலேயே செய்யலாம். மைக்குக்குப் பயன்படுத்தும், உள்ளே இரண்டு கம்பியும் மேலே வலையும் உள்ள வயர் வேண்டும். ஒரு கம்பியை (சிவப்பு என்று வைத்துக்கொள்வோம்) ஆர்சிஏ நடு முள்ளிலிருந்து எக்ஸ்எல்ஆரின் இரண்டாவது முள்ளுக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றக் கம்பியை ஆர்சிஏ வளையத்திலிருந்து மூன்றாவது முள்ளுக்கு. வலையை எக்ஸ்எல்ஆர் பக்கம் முதல் முள்ளில் பற்றவைத்து, ஆர்சிஏ பக்கம் வளையத்திலேயே சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். எர்த்துகளுக்கு நடுவே ஓடும் அழுக்கு மின்சாரம் இனி வலையில் ஓடும். பாட்டின் திரும்பு பாதை தனிக் கம்பியில் இருக்கிறது. மீதி இரைச்சலைப் பவர் ஆம்ப் கழித்துவிடும்.

எவ்வளவு குறையும் என்பது பிரீ ஆம்ப்பைப் பொறுத்தது. பவர் ஆம்ப்பின் ஒவ்வொரு முள்ளும் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், 600 ஓம் வெளியீட்டுத் தடை உள்ள பிரீ ஆம்ப்பில் இரைச்சல் ஏறக்குறைய 18-இல் ஒரு பங்காகிவிடும். இதுவே காதுக்குப் பெரிய மாற்றம். இன்னும் வேண்டுமென்றால், மூன்றாவது முள்ளுக்குப் போகும் கம்பியில் ஆர்சிஏ பக்கத்திலேயே ஒரு 600 ஓம் ரெசிஸ்டரைச் சேர்க்கலாம். இரண்டு கம்பியின் தடையும் சமமாகிவிடுவதால் இரைச்சல் மேலும் ஒடுங்கும். சில சென் விலையுள்ள பொருள் அது. ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் ‘தூய செம்பு’ வயர் எதுவும் இந்த வேலையைச் செய்யாது.

பவர் ஆம்ப்பில் எக்ஸ்எல்ஆருக்குப் பதிலாக 6.35 மில்லிமீட்டர் ஜாக் துளை மட்டும் இருந்தால், மூன்று தொடர்புள்ள ஸ்டீரியோ பிளக்கையே போட வேண்டும். நுனி இரண்டாவது முள்ளுக்குச் சமம், நடு வளையம் மூன்றாவதுக்கு, அடிப்பகுதி கவசத்துக்கு. கிட்டார் வயரில் வரும் மோனோ பிளக்கைப் போட்டால் நடு வளையமும் அடிப்பகுதியும் ஒட்டிக்கொள்ளும், பழைய கதைதான்.

இன்னொரு சின்ன விஷயம். இரண்டாவது முள்தான் நேர் முனை என்று 1992-இல் ஒலிப்பொறியியல் கழகம் தரம் வகுத்தது. அதற்கு முந்தைய சில ஆம்ப்களில் மூன்றாவது முள் நேர் முனையாக இருக்கும். செகண்ட் ஹேண்டில் வெவ்வேறு காலத்து ஆம்ப் இரண்டை வாங்கி ஜோடி சேர்த்தால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். நடுவில் நின்று கேட்பவருக்குத் தவிலின் அடி காணாமல் போயிருக்கும். ஒரு வயரில் இரண்டையும் மூன்றையும் மாற்றிக் கட்டிப் பாருங்கள். அடி திரும்பி வந்தால் அதுதான் காரணம்.

சத்தம் போதவில்லை என்றால்

இரைச்சல் போனதும் அடுத்த புகார் வரும்: “வால்யூமை முழுக்க வைத்தாலும் சத்தம் வரவில்லையே!” இதுவும் பழுதல்ல. வீட்டுக் கருவிகள் பேசும் அளவும் மேடைக் கருவிகள் பேசும் அளவும் வேறு. வீட்டுக் கருவியின் வழக்கமான அளவு சுமார் 0.316 வோல்ட். தொழில்முறைக் கருவியின் அளவு சுமார் 1.23 வோல்ட். ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது 12 டெசிபெல் வேறுபாடு.

1967-இல் இங்கிலாந்தில் வெளிவந்த குவாட் 33 என்ற புகழ்பெற்ற பிரீ ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். அதனோடு ஜோடியாக வந்த குவாட் 303 பவர் ஆம்ப்புக்கு அரை வோல்ட் போதும். ஆகவே பிரீ ஆம்ப்பும் அரை வோல்ட்தான் தரும்படி செய்தார்கள். அதையே 1.4 வோல்ட் கிடைத்தால்தான் முழு சக்தி தரும் 400 வாட் மேடை ஆம்ப்பில் மாட்டினால் என்ன வரும்? மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். சக்தி அதன் வர்க்கம் என்பதால் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும், சுமார் 50 வாட். வீட்டு வரவேற்பறைக்கு 50 வாட் தாராளம். அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டாமல் இருந்தால் சரி. திறந்தவெளி ஆலய வளாகத்துக்கு அது போதாது.

ஆம்ப்பின் பின்புறத்தில் 26 டெசிபெல், 32 டெசிபெல் என்றோ, 1.4 வோல்ட், 0.775 வோல்ட் என்றோ ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 26 டெசிபெல் என்றால் வந்ததை 20 மடங்காக்கும். 32 என்றால் 40 மடங்கு. பழைய பிரீ ஆம்ப்புக்கு 32-இல் வைப்பதே பொருத்தம். 0.775 வோல்ட் என்பதும் அதிக உணர்திறன் கொண்ட நிலைதான். சுவிட்ச் இல்லையென்றால், நடுவில் ஒரு சிறிய மிக்சர் போடலாம், அல்லது வீட்டு அளவை மேடை அளவாக்கித் தரும் மாற்றுப் பெட்டியை வைக்கலாம். மிக்சர் கைவசம் இருந்தால் அதுவே எளிது.

கிட்டாருக்கு வைக்கும் டிஐ பாக்ஸ் இதற்கு உதவாது. அது மைக் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துவிடும். பவர் ஆம்ப்புக்கு நேராகக் கொடுத்தால் முணுமுணுப்புதான் கேட்கும். இதைத் தெரியாமல் வாங்கி ஏமாறுவது எளிது, இரண்டு பெட்டிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால்.

தவில் ஏன் மெலிகிறது

வால்வு போட்ட பிரீ ஆம்ப் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வால்வுக் கருவி செய்தவர்கள் அடுத்த பெட்டி 100 கிலோ ஓம் அல்லது அதற்கும் மேல் இருக்கும் என்று நினைத்துச் செய்தார்கள். இன்றைய மேடை ஆம்ப் 10 முதல் 20 கிலோ ஓம் வரைதான். பிரீ ஆம்ப்பின் வாசலில் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது 0.22 மைக்ரோ ஃபாரட் என்றால், 100 கிலோ ஓம் ஆம்ப்பில் 7 ஹெர்ட்ஸ் வரை ஒலி இறங்கும். 10 கிலோ ஓம் ஆம்ப்பில் 72 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கிவிடும். உறுமியின் உறுமலும் தவிலின் தொப்பிப் பக்க அடியும் மெலிந்துபோவது இதனால்தான். ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு ஆம்ப்பை ஒரே வயரிலிருந்து தொடராக மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். 20 கிலோ ஓம் இரண்டு சேர்ந்தால் பிரீ ஆம்ப்புக்கு அது 10 கிலோ ஓம்.

தூரமும் ஒலியைத் தின்னும். 5 கிலோ ஓம் தடை உள்ள வால்வு பிரீ ஆம்ப் அலுவலக அறையில், பவர் ஆம்ப் 30 மீட்டர் தள்ளி மண்டபத்தில் என்று வைத்துக்கொள்வோம். வயரில் மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் இருந்தால் மொத்தம் 3,000 ஆகிறது. 10,600 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மங்கத் தொடங்கும். சலங்கையும் ஜால்ராவும் துணி போட்டு மூடியதுபோல் கேட்கும். அதே வயர் 5 மீட்டர் என்றால் காதுக்கு எட்டாத உயரத்தில்தான் மங்கும், பிரச்சினையே இல்லை. பிரீ ஆம்ப்பையும் பவர் ஆம்ப்பையும் பக்கத்தில் வைத்து, நீளமான வயரை ஸ்பீக்கர் பக்கம் போடுவது பல இடங்களில் இதற்கு எளிய தீர்வு. ஸ்பீக்கர் வயர் தடிமனாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பக்கத்தில் வைக்க முடியாவிட்டால், வால்வு பிரீ ஆம்ப்புக்கு அருகிலேயே மின்சாரத்தில் இயங்கும் மாற்றுப் பெட்டியை வைத்து, அங்கிருந்து மூன்று கம்பி வயரை இழுப்பதே நல்லது. டிரான்சிஸ்டர் பிரீ ஆம்ப் என்றால் ஆடியோ டிரான்ஸ்பார்மர் போதும். அதில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை. காந்தப்புலம் வழியாகப் பாட்டு மட்டும் கடந்து போகும், எர்த் வளையம் அறுந்துவிடும். அதைப் பவர் ஆம்ப்பின் பக்கம் வைக்க வேண்டும். கார் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் விரல் அளவு டிரான்ஸ்பார்மரை நம்ப வேண்டாம். அதற்குள் இருக்கும் இரும்பு, தாழ்ந்த ஒலியைத் தாங்காது. இரைச்சலோடு தவிலும் போய்விடும்.

எர்த் கம்பி எதற்கு?

பவர் ஆம்ப் இரும்புப் பெட்டி. உள்ளே 230 வோல்ட். காலப்போக்கில் ஒரு கம்பி தளர்ந்து பெட்டியைத் தொட்டால், எர்த் இருக்கும்வரை அந்த மின்சாரம் முழுவதும் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸை எரித்துவிடும். ஆம்ப் நின்றுபோகும், ஆள் பிழைத்துக்கொள்வார். எர்த்தைக் கழற்றியிருந்தால் ஃபியூஸ் எரியாது. பெட்டி முழுவதும் 230 வோல்ட்டோடு சும்மா காத்திருக்கும்.

பெட்டியோடு நிற்பதும் இல்லை. ஆடியோ வயரின் கவசம் வழியே அது பிரீ ஆம்ப்புக்குப் போகும், அங்கிருந்து மைக் வயரின் கவசம் வழியே மைக்கின் இரும்பு உடம்புக்குப் போகும். அபிஷேகம் முடிந்து தரையெல்லாம் ஈரம். வெறுங்காலோடு நின்று அந்த மைக்கைக் கையில் எடுப்பவர் அர்ச்சகராக இருக்கலாம், தேவாரம் பாட வந்த பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். சில பத்து மில்லி ஆம்பியர் இதயத்தை நிறுத்தப் போதும். ஆம்ப்பில் ஒரு பல்பு எரிய வேண்டிய மின்சாரத்தைவிடவும் அது குறைவு.

எர்த் கம்பியைப் பிடுங்குவது மட்டுமல்ல, நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்ட இன்னொரு பழக்கமும் இதே வகைதான்: மூன்று துளை சாக்கெட்டின் எர்த் துளையில் பேனாவையோ திருகாணியையோ நுழைத்து, இரண்டு முள் பிளக்கைத் திணிப்பது. இரண்டு முள் கருவிக்கு அதற்குரிய அடாப்டர் உண்டு, வாங்கிப் போடலாம்.

எர்த் வளையத்தை அறுக்க வேண்டுமானால் ஆடியோ வயரில்தான் அறுக்க வேண்டும். மின்சார வயரில் ஒருபோதும் கைவைக்கக் கூடாது. மேலே சொன்ன வயரும் டிரான்ஸ்பார்மரும் செய்வது அந்த வேலைதான். அதோடு, பிரீ ஆம்ப், பவர் ஆம்ப், மிக்சர் எல்லாவற்றையும் ஒரே இடத்து மின் இணைப்பிலிருந்து எடுத்தால் எர்த்துகளுக்கு நடுவே வேறுபாடே குறைந்துவிடும். ஒரு சாக்கெட் தாங்கும் அளவு 13 ஆம்பியர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, பெரிய ஆம்ப்கள் பல இருந்தால் தற்காலிக மின்பெட்டி ஒன்றை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் மூலம் போட்டுக்கொள்ள வேண்டும். அதில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும். பலர் இஎல்சிபி என்று சொல்வது அதைத்தான். அதன் ‘டெஸ்ட்’ பொத்தானைத் திருவிழாவுக்கு முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது என்று பொருள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கருவியானால் பின்புறம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனப் பார்க்காமல் சொருகக் கூடாது. ஜப்பான் உள்நாட்டுக் கருவிகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை.

இரைச்சல் எங்கே இருக்கிறது?

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றுவதைவிட, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது வேலையைச் சுருக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாட்டும்போதும் பவர் ஆம்ப்பை அணைத்துவிட வேண்டும். முதலில் பவர் ஆம்ப்புக்கு வரும் ஆடியோ வயரை முழுதாகக் கழற்றிவிட்டு ஆம்ப்பைப் போடுங்கள். அப்போதும் இரைச்சல் கேட்டால் கோளாறு ஆம்ப்பில். அமைதியாக இருந்தால் வயரை மாட்டுங்கள். பிரீ ஆம்ப்பில் வேறு எதையும் இணைக்காதீர்கள். இப்போது இரைச்சல் வந்தால் வயரும் எர்த்தும் காரணம், மேலே சொன்ன வழிகளில் தீரும். வரவில்லையென்றால் சிடி பிளேயர், மடிக்கணினி, டிகோடர், இசைத்தட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் எது சேரும்போது இரைச்சல் வருகிறதோ அதுவே குற்றவாளி. இசைத்தட்டுக் கருவியானால் அதன் தனி எர்த் கம்பி பிரீ ஆம்ப்பின் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் விளையாடும்போது அது கழன்றுவிடும்.

இரைச்சலின் குரலும் சேதி சொல்லும். எர்த் வளையத்தின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ், அடங்கிய உறுமல். அதைவிட ஒரு மடங்கு உயர்ந்து, ‘ஸ்ர்ர்’ என்று கரகரப்போடு வந்தால் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ். பழைய பிரீ ஆம்ப்பின் மின்வழங்கியில் இருக்கும் கப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்பதற்கு அறிகுறி. நாற்பது, ஐம்பது வருடக் கருவியில் அது எதிர்பார்க்க வேண்டியதே. எந்த வயர் மாற்றினாலும் அது போகாது. கப்பாசிட்டரைத்தான் மாற்ற வேண்டும். வால்வுக் கருவியானால் அதைத் தெரிந்தவரிடமே கொடுங்கள். உள்ளே சில நூறு வோல்ட் ஓடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

ஆம்ப்பை ‘பிரிட்ஜ்’ முறையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த முறையில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்சாரம் இருக்கும். கறுப்பு முனையை எர்த் என்று நினைத்து வேறொரு ஆம்ப்பின் கறுப்பு முனையோடு சேர்த்துவிட்டால் ஆம்ப் எரிந்துவிடும்.

வயர் செய்து முடித்ததும் அதன் இரு முனையிலும் ஒட்டுத்தாளில் ‘பிரீ ஆம்ப் பக்கம்’, ‘பவர் ஆம்ப் பக்கம்’ என்று எழுதி ஒட்டிவைத்தால் அடுத்த வருடத் திருவிழாவுக்கு வேறு ஆள் வந்தாலும் தடுமாற மாட்டார். போடும்போது பிரீ ஆம்ப்பை முதலில் போட்டு, வால்வு என்றால் ஒரு நிமிடம் சூடேற விட்டு, அதன் பிறகே பவர் ஆம்ப்பைப் போட வேண்டும். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில்.